வரம்பு

மனு வந்து பதினோரு நாள்.
சவுந்தரராசன், நந்தலாற்றின் வடகரை,
நாலே முக்கால் ஏக்கர் சம்பா,
பயிர்ப் பாதுகாப்புக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி.
விசாரித்து அறிக்கை தர
ஏட்டு நான், என் டிவிஎஸ், ஒரு நீலப் பேனா.

பன்றி பொய்யில்லை.
பால் பிடித்த கதிரைப் படுக்கப் போட்டு மிதித்திருந்தது.
வரப்பில் இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம்,
தடத்துக்குள் தேங்கிய நீரில் ஒரு தலைப்பிரட்டை.
எழுதிக்கொண்டேன்: சேதம் உண்மை.

பிறகு அச்சடித்த கேள்விகள்.
குடிப்பழக்கம்? ‘எப்பவாச்சும்.’
மனநிலை? ‘நல்லாத்தானே பேசிக்கிட்டிருக்கேன்?’
முன் வழக்கு? இந்த நிலையத்தில் இல்லை.
அக்கம்பக்கம் இருவர் கையெழுத்து.
இருவரும் அவர் போர்செட்டில்
தண்ணீர் வாங்கிப் பாய்ச்சுகிறவர்கள்.

காபி கொண்டுவந்தவர் புனிதவதி.
டம்ளரை வைத்த கை
மணிக்கட்டில் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது,
கட்டுப் பிரிக்கும் முன்பே
வேலைக்குப் போய்விட்ட எலும்பு.
படிவத்தில் அவருக்கென்று ஒரு வரி இல்லை.
கேட்கக்கூடாது என்றும் இல்லை.
சவுந்தரராசன் நாற்காலியை
என் பக்கம் இழுத்துப் போட்டார்.
நான் சர்க்கரை போதும் என்றேன்.

சட்டம் டெல்லியில் ஒன்றுதான்.
இறங்கி வர வர
கல்லணைக்குக் கீழே காவிரி மாதிரி.
ஒரு மேசையில் வருடக்கணக்கில் ஊறும்,
ஒரு மேசையில் மதியச் சாப்பாட்டுக்குள் முடியும்.
ஒருவர் டாக்டர் சீட்டு கேட்பார்,
இன்னொருவருக்கு ஊர்ப் பெரிய மனுஷன் கையெழுத்து போதும்.
வடக்கே சம்பலில் வேலை பார்த்த என் சகலை சொல்வான்,
அங்கே மாப்பிள்ளை தோளில் மாலைக்குப் பக்கத்தில் அதுவும் தொங்குமாம்.
இங்கே ஒரு தாலுகாவுக்கு
பத்து லைசென்ஸ் இருந்தால் அதிகம்.

வார ஓய்வில், உத்தரவில்லாமல்,
சொந்தப் பெட்ரோலில் பாலம் கடந்தேன்.
செக்போஸ்டில் காரைக்காலிலிருந்து வரும் வண்டிகளின்
சீட்டைத் தூக்கிப் பாட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு குவார்ட்டருக்குத் தெரிகிறது
எல்லை எங்கே என்று.
காகிதம் ஒன்று இந்தப் பாலம் ஏறி
நான் பார்த்ததில்லை.

தென்கரை நிலையத்தில்
சிவப்புத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு
இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்
இடது கையால் ஒரு பதிவேட்டை உருவினார்.
மூன்று வருடம் முந்தைய அக்டோபர்.
புகார்: புனிதவதி, தாய்வீட்டு முகவரி.
எதிர்தரப்பு: கணவர்.
மண்வெட்டிக் காம்பு.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: சமரசம்.
‘கடுதாசி வந்திருந்தா சொல்லியிருப்போம் சார்.
வரலியே.’
சட்னியைத் தொட்டபடி சொன்னார்.
அவர்மேல் குறையில்லை.

திரும்பும்போது பாலத்தின் இந்த முனையில்
ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார் புனிதவதி.
‘அந்தப் பக்கம் போயிட்டு வாறீங்களாக்கும்.’
தலையசைத்தேன்.
‘லைசென்சு இந்தக் கரையில குடுக்கிறாங்க.
எங்கம்மா வீட்டுல வெடிச்சா
எந்த டேசன்ல எழுதுவாங்க ஏட்டய்யா?’
குத்தலாகக் கேட்கவில்லை.
ரேஷன் கார்டை எங்கே மாற்றுவது என்று
கேட்கிற குரல்தான்.
எனக்குப் பதில் தெரியும்.
விழுகிற இடத்தில்.
சொல்லாமல் வண்டியை உதைத்தேன்.

இரவு எழுதினேன்.
பன்றித் தொல்லை உண்மை. வேலிக்கு மானியம் தரலாம்.
துப்பாக்கிக்குப் பரிந்துரை இல்லை.
காரணம்: இணைப்பு ஒன்று.

ஒன்பதாம் நாள் கோப்பு திரும்பி வந்தது,
இணைப்பின்மேல் பெருக்கல் குறியோடு.
‘எல்லை வரம்புக்கு வெளியே விசாரணை நடத்த
உத்தரவிட்டது யார்? மூன்று நாளில் விளக்கம் தேவை.’

இன்று மூன்றாம் நாள்.
காலையில் பாலத்தடியில் தண்ணீர் வடிந்திருந்தது.
தென்கரைச் சேற்றில் இறங்கிய குளம்புகள்
வடகரைச் சேற்றில் ஏறியிருந்தன,
ஒரு தாயும் நாலைந்து குட்டிகளும்.

வெள்ளைத் தாள், அதே நீலப் பேனா.
‘ஐயா,
மேற்படி பன்றிகள் அக்கரையிலிருந்து வருபவை.’
இதுவரை
இந்த ஒரு வரிதான்.