பத்து மில்லிமீட்டர்

பெண்டில் ஹில்லில் இந்த யூனிட்டின் சுவர்
பத்து மில்லிமீட்டர் தடிப்பு.
இரண்டு கடதாசிக்கு நடுவே ஜிப்சம் மா.
அதற்குப் பின்னால்
நாலு விரல் இருட்டு.

நிரோஜன் வாங்கி வந்த பிளாஸ்டிக் பிளக்கின் பக்கெட்டில்
இருபது கிலோ என்று போட்டிருந்தது.
எந்தச் சுவரில் என்பது
பின்பக்கம், எறும்பு எழுத்தில்.

இரண்டு மொனிட்டர், இரண்டு இரும்புக் கை.
முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினோம்.
சுவரில் முளைத்த மாதிரி இருக்கு என்றார்கள்.
கை நீள நீளப் பாரம் கூடும் என்பது
தராசு பிடித்த எவருக்கும் தெரியும்.
எங்களுக்கு மறந்துபோனது.

செவ்வாய், காலை ஒன்பது பத்து.
இடது திரையில் டொக்டர்.
வலது திரையில் அந்த அம்மா.
பெயர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது,
வருத்தத்தின் பெயரும் சொல்லக்கூடாது.
நடுவில் நான்.
அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’,
அவ ‘நான்’ என்றாலும் நான் ‘நான்’.
கேட்டது எதையும் விடக்கூடாது, கூட்டக்கூடாது.

“முடிவு வந்திருக்கிறது” என்று தொடங்கினார்.
அவருடைய தலை மெல்லச் சரிந்தது.
இரக்கம் என்று நினைத்தேன்.
பிறகு அவருக்குப் பின்னால் இருந்த
அலுமாரியும் சரிந்தது.

சுவரிலிருந்து வெள்ளை மா
விசைப்பலகையில் கொட்டியது,
பிட்டுக்கு அரித்த மாதிரி.
இடது கையை நீட்டித் திரைக்கு அடியில் கொடுத்தேன்.
டொக்டரின் நாடி என் உள்ளங்கையில்.
ஆறு கிலோ. முதலில் ஒன்றுமில்லை.
‘பரவியிருக்கிறது’ என்ற சொல்லுக்கு வரும்போது
தோள்மூட்டு எரிந்தது.

டொக்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த அம்மா அழவில்லை.
என் முகம் இருந்த சின்னப் பெட்டிக்குள் பார்த்துக் கேட்டா:
“பிள்ளை, உங்கட கை ஏன் நடுங்குது?”

கேட்டது எதையும் விடக்கூடாது.
ஆங்கிலத்தில் சொன்னேன்:
உங்கள் கை ஏன் நடுங்குகிறது?
‘பிள்ளை’யை மட்டும் விட்டேன்,
அதற்கு அங்கே சொல் இல்லை.

டொக்டர் குனிந்து
தன் கைகளைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு அவற்றை மேசைக்குக் கீழே
வைத்துக்கொண்டார்.

நான் திருத்தியிருக்க வேண்டும்.
அந்தக் கேள்வி எனக்கு, உங்களுக்கு இல்லை என்று
ஒரு வரி போதும்.
திருத்தவில்லை.

சனிக்கிழமை, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த
கோலாக் காந்தத்தைக் கழற்றிச்
சுவர் நெடுக வழுக்கவிட்டேன்.
விழுந்தது. விழுந்தது.
ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது.
உள்ளே ஆணி. ஆணி இருந்தால் மரம்.
அங்கிருந்து அறுபது சென்டிமீட்டரில் இன்னொன்று.
எங்கள் மேசை
சரியாக இரண்டுக்கும் நடுவில்,
ஒன்றுமில்லாத இடத்தில்.

துளைத்தேன்.
வெள்ளை மா, வெள்ளை மா,
பிறகு துளையூசியைச் சுற்றிக்கொண்டு
ஒரு மஞ்சள் சுருள். பைன் வாசம்.
“வந்திட்டுது” என்று கத்தினான் நிரோஜன்,
ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவன் மாதிரி.

இரண்டு மரத்துக்கும் குறுக்கே ஒட்டுப்பலகை,
பலகையில் இரும்புக் கைகள்.
பழைய ஓட்டைகள் பலகைக்குப் பின்னால் போயின.
ஒரு பிளக் மட்டும் உள்ளே விழுந்துவிட்டது.
விழுந்த சத்தம் கேட்டது,
எடுக்க வழியில்லை.
மார்ச்சில் ஏஜென்ட் சோதனைக்கு வருவா.
போண்ட் காசில் கழிக்கட்டும்.

திரைகளை மாட்டுவதற்கு முன்
பலகையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன்,
கால் நிலத்தை விட்டு எழும்பும்வரை.
ஒரு முனகலும் இல்லை.

திங்கள், ஒன்பது மணி.
வேறு டொக்டர், வேறு ஆள்,
சின்ன விசயம், காதுக்குத்து.
திரை அசையவில்லை.
இடது கை மட்டும்
எங்கே இருப்பதென்று தெரியாமல்
மேசையில்,
மடியில்,
மேசையில்.