பின்பார்த்த இருக்கை

மன்னவனூர்ப் புல்வெளியில் ஆடுகளை ஒதுக்கிவிட்டு
ஐந்நூறு கெஜத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.
அதுதான் ஓடுதளம்.
காற்றின் திசை காட்டத் துணி கிடைக்கவில்லை என்று
என் வேட்டியில் பாதியைக் கிழித்து
மூங்கிலில் கட்டினார் கேப்டன் தேவசகாயம்.
மீதிப் பாதியோடு அன்று முழுக்க நான் நடமாடினேன்.

விமானம் என்றதும் நீங்கள் நினைப்பது இல்லை இது.
மூக்கு தடித்த, வயிறு பெருத்த
மஞ்சள் வண்டி.
மருந்து இல்லாத நாளில் விதைக்கிழங்கு ஏற்றலாம், உரம் ஏற்றலாம்.
தேனிப் பக்கம் ஒரு கன்றுக்குட்டியை ஏற்றிப் போனதாகக்
கேப்டன் சொல்வார்.
அவர் சொல்வதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மயில்துத்தம் கரைப்பது என் வேலை.
விடியுமுன் பனியில் நின்று
பீப்பாயைத் துழாவித் துழாவி
நகக்கண் பத்தும் நீலம்.
வத்தலக்குண்டில் என் மனைவி
அந்தக் கையால் குழம்புச் சட்டியைத் தொடவிட மாட்டாள்.

மூன்றாம் நாள் காலை,
"வால் லேசா இருக்குய்யா, நீ ஏறு" என்றார்.
மருந்துத் தொட்டிக்குப் பின்னால்
ஒரு பலகை.
வாலைப் பார்த்து உட்கார வேண்டும்.
பெல்ட் இருந்தது, கொக்கி இல்லை.
முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

புல்வெளி என் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது.
கருகல் விழுந்த உருளைக்கிழங்குப் படிக்கட்டுகள்
ஒவ்வொன்றாக என் முன்னே விரிந்து சுருங்கின.
வரப்பில் வெள்ளைக்கொடியோடு நின்ற பையன்
நாங்கள் தாண்டியதும் குந்தித்
தலையைத் துடைத்துக்கொண்டான்.
அதைக் கேப்டன் பார்த்திருக்க வழியில்லை.

அவர் திறந்த நீலம் நேராக விழவில்லை.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு பள்ளத்துக் காற்று கூப்பிட்ட பக்கம் போனது:
யாரோ ஒருவரின் பூண்டுக்காடு,
மூட்டையோடு நின்ற கோவேறு கழுதை,
அப்புறம் கவுஞ்சிப் பள்ளிக்கூடம்,
அதன் மொட்டைமாடியில்
மூடியில்லாத குடிதண்ணீர்த் தொட்டி.

கத்தினேன். என்ஜின் தின்றுவிட்டது.
மருந்துத் தொட்டியை முட்டியால் இடித்தேன்.
நிறைந்த தொட்டி சத்தம் தராது.
அது காலியாகிக் கணீரென்று ஒலித்தபோது
தரையிறங்கிக்கொண்டிருந்தோம்.

மாடியில் ஒரு பெண் நின்றிருந்தாள்.
மூடு, மூடு என்று இரண்டு கையாலும் காட்டினேன்.
அவளும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.
சந்தோஷமாக.

"சுத்தமான வேலை" என்றார் கேப்டன்,
கண்ணாடியைக் கழற்றியபடி.
பின்னால் பார்த்ததைச் சொன்னேன்.
வேட்டித்துண்டை அண்ணாந்து பார்த்தார்.
அது அசையாமல் தொங்கியது, பொய்சாட்சி மாதிரி.
"தண்ணியில கரைஞ்சிடும்யா."

மறுநாள் ஞாயிறு. முதல் பஸ்ஸில் கவுஞ்சி போனேன்.
பள்ளிக்கூடத்துத் தண்ணீருக்குக் குருவம்மா பொறுப்பாம்.
அவளேதான்.
குழாயில் நீலம் வந்ததுமே திறந்துவிட்டு,
தொட்டியைத் தேங்காய்நாரால் மூன்று தடவை தேய்த்திருந்தாள்.
கீழே அவரைப்பந்தல் நனைந்து கிடந்தது.

"பின்னாடி உக்காந்து வந்தது நீதானா?" என்றாள்.
"டாட்டா காட்டுனியே.
எங்க ஊருக்குக் கைகாட்டிக்கிட்டுப் போன மொத ஆளு."
சொல்ல வந்ததை விழுங்கினேன்.
என் நகத்தைப் பார்த்தவள்
சிரிப்பை நிறுத்தினாள்.
உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்,
"கிணத்துத் தண்ணிதான்" என்று.

திங்கள் விடிந்ததும் திரும்ப ஏறினேன்.
தொட்டிமேல் தகரம், தகரத்தின்மேல் கற்கள்.
ஐந்து வரை எண்ணினேன்,
அதற்குள் வால் மறைத்துவிட்டது.
மாடியில் இன்று குழந்தைகளும்.
பதினைந்து இருபது கைகள்.

நீலம் யோசித்துக்கொண்டிருந்தது.

முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தேன் நான்,
இரண்டு கையாலும்.