வால் முளைக்காத வினைச்சொல்

கிரிம்ஸ்பி மீன் ஆலையின் உணவறையில்
செவ்வாய்தோறும் இரவு ஏழரைக்கு
மேசையைத் துடைத்துவிட்டு இறந்தகாலம் படித்தோம்.
எத்தனை துடைத்தும் ஹாடக் வாடை போகாது.
என் நோட்டைப் பிரித்தால் இன்றைக்கும் அடிக்கும்.

கிளெனிஸ் வெள்ளைப் பலகையில் எழுதினாள்:
வாக், வாக்ட். வாஷ், வாஷ்ட்.
நடந்ததற்கும் கழுவியதற்கும் ஒரே வால்.
இவ்வளவுதானா என்று நிமிர்ந்தோம்.
அப்புறம் வந்தது 'கோ'.
ஒரு நாள் பின்னால் நகர்ந்ததும்
ஆளே மாறி 'வென்ட்' என்கிறது,
முகமும் படமும் ஒத்துப்போகாத
பாஸ்போர்ட் மாதிரி.

துயென் மட்டும் மசியவில்லை.
அவன் மொழியில் வினை உடை மாற்றுவதில்லையாம்.
"நேற்று நான் போ. நேற்று நான் சாப்பிடு.
நேற்று என்றுதான் சொல்லிவிட்டேனே?"
கிளெனிஸ் சிவப்பில் வட்டமிட்டாள்,
வாரத்துக்கு ஒன்பது, பத்து வட்டம்.

பிறகு ஒரு வகுப்பு,
மாறவே மாறாத சொற்கள்:
புட், ஷட், ஹர்ட், கட்.
மனப்பாடம் மிச்சம் என்று
கைதட்டியவள் டைவா.

அந்த வெள்ளிக்கிழமை
நான்காம் வரிசையில்
அவள் வலக்கை மோதிர விரலின் நுனி போனது.
மார்ச்சில் இரண்டாம் வரிசையில் ஒருவன்.
ஈஸ்டருக்கு மறுநாள் இன்னொருவன்.

விபத்துப் படிவத்தில் இடக்கையால் எழுதினாள்:
மெஷின்ஸ் கட் ஃபிங்கர்ஸ்.
மேற்பார்வையாளர் பிரெத்வெயிட் அதை
'வெட்டின' என்று படித்தார்.
நடந்தது, முடிந்தது. முத்திரை. அலமாரி.
அவள் எழுதியிருந்ததோ
'வெட்டுகின்றன'.

கிளெனிஸ் கண்ணாடியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.
"ரெண்டும் சரிதான்.
ஒரே மெஷின் என்றால்
வாலில் ஒரு 'ஸ்' வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.
பலவாகிவிட்டால் அதுவும் கிடையாது."
சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல்
பலகையை அழித்தாள்.
அதில் எழுத்தே இல்லை.

துயென் புதுப் படிவம் ஒன்றை இழுத்து
டைவாவின் வாக்கியத்தை அப்படியே எழுதி
முன்னால் தனக்குத் தெரிந்ததைச் சேர்த்தான்:
மார்ச்சில். ஈஸ்டரில். வெள்ளியன்று. இன்று. நாளை.

கிளெனிஸின் சிவப்புப் பேனா
மூடி திறந்தது.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு
மூடிக்கொண்டது.

நான்காம் வரிசைக்குக் கம்பிவலை
வரும் என்கிறார் பிரெத்வெயிட்.
எதிர்காலம் எங்களுக்கு
அடுத்த பருவத்தில்தான் பாடம்.