அடித்த வரி

இரவு பதினொன்றரைக்கு
கிராண்ட்பாஸ் அலுவலகத்தில் முதல் பக்கத்தைப் பூட்டுவது நான்.
இருபத்தாறு வருடமாய்.
சாவி என்று ஒன்றில்லை, சிவப்புப் பேனாதான்.

வைகாசி மழையில்
முகத்துவாரத்துப் பக்கம் கால்வாய் மதில் சரிந்த அன்று
பொலிஸ் பேச்சாளர் தொலைபேசியில் சொன்னார்:
பதினொரு வீடுகள். உயிர்ச்சேதம் இல்லை.
நான் எழுதினேன்,
'எனப் பொலிஸார் தெரிவித்தனர்.'
எங்கள் தொழிலில் அந்த மூன்று சொல் ஒரு குடை.
எந்த மழையிலும் நாங்கள் நனைவதில்லை.

அதே நேரம்
முழங்கால் தண்ணீரில்,
போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு
ரெஜினோல்டா கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பகலில் பாமசியில் பனடோல் எண்ணித் தருபவள்.
இரவில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்து
'துறைமுகக் காகம்' என்ற பெயரில் எழுதுபவள்.
சம்பளம் இல்லை. ஆசிரியர் இல்லை.
டேட்டா தீர்ந்தால் மறுநாள் வரை செய்தியும் இல்லை.

அவள் எழுதியிருந்தாள்:
"எழுபத்திரண்டாம் தோட்டம். நாற்பத்து மூன்று கதவு.
ஏழாவது கதவில்லை, சாரம் தொங்குது, அதையும் எண்ணினேன்.
இருபதாவதில் மூன்று குடும்பம், ஒரு மீட்டர்.
முப்பத்தொன்றில் வெரோனிக்கா அக்கா
தையல் மெசினைத் தலையில் வைச்சுக்கொண்டு நிற்கிறா,
எங்க இறக்கிறது எண்டு கேக்கிறா."

எனக்குக் கோபம் வந்தது.
யார் இவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது?
எண்ணிக்கைக்கு ஒரு மூலம் வேண்டாமா?
தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.
மூலம், அவளுடைய இரண்டு கால்.

கடைசி வரி இப்படி இருந்தது:
"சப்ரான், ஒன்பது வயது, கால்வாயோடு போய்விட்டான்."
ஆயிரத்து எண்ணூறு பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள்.
யாரோ ஒருவர்
கறுப்புக் கரை போட்டுப் படமும் செய்திருந்தார்.

ஆறேழு வருடத்துக்குப் பிறகு
கதிரையை விட்டு எழுந்தேன்.
ஆமர் வீதிச் சந்தியில் வெள்ளம்,
ஓட்டோக்காரர் முந்நூறு கூடக் கேட்டார்.

பள்ளிவாசல் மண்டபத்தில்
யாருடையதோ சேர்ட்டுக்குள் ஒரு பையன்
மாலுபாண் தின்றுகொண்டிருந்தான்.
சப்ரானா?
வாய் நிறையப் பாண். தலையை ஆட்டினான்.
தாயிடமும் கேட்டேன்.
பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டேன்.
பழக்கம்.

உயிர்ச்சேதத்தில் பொலிஸ் சொன்னது சரி.
கதவில் அவள் சொன்னது சரி.
அலுவலகத்தில் இருந்த எனக்கு இரண்டுமே தெரியாது.

ஒழுங்கை முனையில் அவளைக் கண்டு சொன்னதும்
தண்ணீர் என்றும் பாராமல்
படியில் அப்படியே இருந்துவிட்டாள்.
பிறகு போனை வெளியே எடுத்தாள்.
அந்த வரியை அழிக்கவில்லை,
குறுக்கே கோடு போட்டாள். கீழே எழுதினாள்:
"பிழை என்னுடையது. சப்ரான் பள்ளிவாசலில்,
மாலுபாண் தின்கிறான்."
அதைப் பகிர்ந்தவர்கள் அறுபத்திரண்டு பேர்.

நகரப் பதிப்புக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.
பதினொன்றை எடுங்கள், நாற்பத்து மூன்று போடுங்கள் என்றேன்.
யார் தெரிவித்ததாகப் போடுவது, என்றார் ஆசிரியர்.
எண்ணியவர் தெரிவித்ததாக.
எண்ணியவர் யார்?
ஒரு காகம் என்று சொல்ல வாய் வரவில்லை.
காலையில் வந்தது:
'பதினொன்றுக்கும் மேற்பட்ட வீடுகள்.'
பொய்யில்லை.
நாற்பத்து மூன்றும் பதினொன்றுக்கு மேற்பட்டதுதான்.

மூன்று நாள் சண்டை பிடித்து
நாலாம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே
ஒரு தீப்பெட்டி அளவு இடம் வாங்கினேன்:
'நாற்பத்து மூன்று எனத் திருத்தி வாசிக்கவும்.'
அன்று மாலையே அது
புறக்கோட்டையில் கருவாடு சுற்றப் போயிருக்கும்.
அவளுடைய பிழை இன்னும் அங்கேயே இருக்கிறது,
குறுக்குக் கோட்டோடு,
யாரும் வாசிக்கலாம்.

நேற்று அழைத்தேன்.
ஏழாம் வீட்டுக்குக் கதவு போட்டாயிற்றாம்.
நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ, என்றாள்,
நான் சொன்னதெண்டு எழுதவேண்டாம்.