சாய்வெளிச்சம்

மட்டக்குளியில் தேயிலைப் பேணி அடிக்கும் தொழிற்சாலை.
மூடியில் சிவப்பு யானை அச்சு. யானையின் வயிற்றின்மேல்
எட்டு இலக்கம், காலாவதித் திகதி.
மையில்லை. உள்ளிருந்து தள்ளிய தகரத்தின் மேடு மட்டும்.
கமெரா அதை வாசிக்கவேண்டும்,
நிமிடத்துக்கு நூற்றெண்பது தடவை.

முதலில் வளைய விளக்கைப் பூட்டினேன்.
லென்சைச் சுற்றி நாற்பத்தெட்டு வெள்ளை எல்.ஈ.டி.
மூடி பல்லிளித்தது.
திரையில் ஒரு வெள்ளை வட்டம், எங்கள் விளக்கே எங்களுக்கு.
"இன்னும் கூட்டிப் பாருங்கள் மிஸ்" என்றார் லலந்த,
மனேஜர்கள் எல்லாரும் சொல்வதுதான்.
கூட்டினேன்.
வட்டம் பெருத்தது.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள் நான்.
அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற இரவுகளில்
டோர்ச்சை நேரே முகத்துக்கு அடிப்பார்கள்.
எனக்கு எதுவும் தெரியாது, அது சரி.
அடித்தவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று
இந்தத் திரையைப் பார்க்கும்வரை நான் யோசித்ததில்லை.

பிறகு குவிமாட விளக்கு. கடனுக்கு வந்த மாதிரி.
கவிழ்த்த சோற்றுச் சட்டிபோல,
எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவு வெளிச்சம்,
மழைக்கு முந்திய பின்னேரத்து வானம்.
கூச்சம் போயிற்று. யானை அழகாய் நின்றது.
நிழலும் போயிற்று, நிழலோடு இலக்கமும்.
அதற்குள் சிங்கப்பூர் விலையை ரூபாயாக்கிப் பார்த்த செபமாலை
கல்குலேட்டரை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அன்று மத்தியானம் பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.
லொறியின் பின்விளக்கு இரண்டு, சிவப்பு எல்.ஈ.டி,
ஒன்றில் கீறல், அதற்காக நூறு ரூபாய் குறைத்தான்.
பன்னிரண்டு வோல்ட். கம்பி சுற்றி
பெல்ட்டின் இருபுறமும் படுக்க வைத்தேன்,
ஒளி மூடியை உரசிக்கொண்டு ஓடும் அளவுக்குத் தாழ்வாக.

தட்டையான தகரம் வெளிச்சத்தை அப்பால் எறிந்துவிட்டுக்
கறுத்துப் போனது.
சிவப்புக்குள் சிவப்பு யானை தகரத்தோடு தகரமாய்க் கரைந்தது,
காதில்லை, தும்பிக்கையில்லை.
கறுப்பு நடுவே விளிம்புகள் மட்டும் பற்றின:
மூன்று. சுழியம். ஒன்பதின் வளைவு.
அம்மாடி என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
பொதி கட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சரியான பட்டை விளக்குகள் மூன்று வாரத்தில் வந்தன.
பின்விளக்குகளை லலந்த தன் அறைக்குக் கொண்டுபோனார், எதற்கோ.

ஆனால் தினமும் நாலு பத்துக்கு
கழிவுப் பெட்டி நிரம்பத் தொடங்கியது.
இருபது நிமிடம் நல்ல மூடிகளெல்லாம் கெட்டவை.
பிறகு தானாகச் சுகம்.
மென்பொருளைக் குடைந்தேன், கேபிளை மாற்றினேன்,
மின்சார சபையைத் திட்டினேன்.
கழிவுப் பெட்டியைக் கொட்டுகிற மஃபாஸாதான்
பேசாமல் கூரையைக் காட்டினாள்.
ஒளி வரட்டும் என்று போட்ட கண்ணாடி இழைத் தகடு.
அதன் வழியே கடற்பக்கச் சூரியன்
இறங்கிவந்து பெல்ட்டில் குந்தியிருந்தது.

சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி வாங்கலாம்,
விளக்கைக் கமெராவோடு சேர்த்து
கண்சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்திலொரு பங்குக்கு
வெயிலைவிட உரக்க அடிக்கலாம்.
இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.
நான் எழுதி முடிக்கும் முன்பே மஃபாஸா
ஏணி வைத்து ஏறி
ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியை அங்கே சொருகிவிட்டாள்.
வடிகட்டி வந்துவிட்டது. பெட்டி இன்னும் இருக்கிறது.

நேற்றிரவு ஜம்பட்டா வீதிக் கடையில் ஒரு பேணி எடுத்தேன்.
சிவப்பு யானை, முழுசாக, காதும் தும்பிக்கையுமாக.
"திகதி என்ன?" என்றேன்.
கடைக்காரர் ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்து
கண்ணைச் சுருக்கினார். "ஒண்டும் அடிக்கேல்லையே."
அவர் கையை மெல்லச் சாய்த்தேன்,
தெருவிளக்கு பக்கவாட்டில் விழும்படி.
ஓரம் ஓரமாய் எழும்பின எட்டு இலக்கமும்.

போன மாதத்தோடு முடிந்திருந்தது.