ஒற்றைப்படை

ரத்தம் எடுப்பதற்கு மூன்று நொடி முன்பே
குழாயில் லேபிள் விழுந்திருந்தது.
அதிகாலை இரண்டு நாற்பத்தேழு.
லேப் கணினி அந்த வரியைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்ப,
மால்டாவிலிருந்து வந்த ஆரதி மண்டலுக்கு
இடது கையில் இன்னொரு ஊசி.
எஸ்தர்ராணிக்கு மெமோ.

"எடுக்காத ரத்தத்துக்கு நான் ஏன் மேடம் லேபிள் ஒட்டப்போறேன்?"

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
ஒரே இரும்புப் பெட்டிக்குள் முப்பத்தொரு கணினிகள்.
மெய்நிகர் என்று கோப்பில் எழுதுவோம்.
ஒவ்வொன்றும் தன்னை முழுசு என்று நம்பும்:
தனக்கென்று நினைவகம், தனக்கென்று டிஸ்க்,
தனக்கென்று கடிகாரம்.
கடிகாரம் மட்டும் கிடையாது.
கீழே ஹைப்பர்வைசர் ஒரு பக்கத்தில் நேரத்தை எழுதிவைக்கும்;
மேலே குடியிருப்பவை எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

பதினோரு இரவு தேடினேன்.
வெளியே கத்திரி வெயில் சுவரில் மிச்சமிருந்தது.
உள்ளே பதினெட்டு டிகிரி, சால்வை.
பேட்டரி என்றான் இம்தியாஸ்.
ராணிப்பேட்டை ஏஜென்ட் புது சர்வருக்கு
கொட்டேஷனே அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை லாட்ஜுக்குத் திரும்பினேன்.
காந்தி ரோட்டின் பின்சந்து,
பெயர்ப்பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
மானேஜர் கமாலுதீன் கரும்பலகையில்
தண்ணீர் டோக்கன் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தார்
(பாலாறு வெறும் மணலாய்க் கிடக்க, லாரித் தண்ணீர்தான்).
பத்தொன்பது முடிந்து இருபது.
ஒன்பதைத் துடைத்தார். பூஜ்யம் போட்டார்.
போன் அடித்தது.
"ரூம் இல்லீங்க, திங்கக்கிழமை பாருங்க" என்று
முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.
மாடிப்படியில் காலி வாளியும் இருபதாம் டோக்கனுமாக
ஆரதியின் புருஷன் நிகில் பலகையைப் பார்த்தான்.
பத்து.
இன்னும் நேரமிருக்கிறதென்று மேலே போய்விட்டான்.

பத்து என்று அங்கே யாரும் எழுதவில்லை.
ஆனால் இருந்தது,
சாக்பீஸ் வெள்ளையில், தெளிவாக.

சாவிகூட வாங்காமல் திரும்பி ஓடினேன்.

அறுபத்துநான்கு பிட் நேரம்.
நிரலில் அது ஒரே வரி.
கம்பைலர் அதை இரண்டாய்க் கிழித்திருந்தது:
முதலில் கீழ்ப்பாதி, அப்புறம் மேல்பாதி.
கீழ்ப்பாதி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புவது
நான்கேகால் நொடிக்குக் கொஞ்சம் கூட ஆனால் ஒருமுறை.
சரியாக அப்போது, இரண்டு எழுத்துக்கும் நடுவில்,
லேப் எட்டிப் பார்த்தால்
புதுக் கீழும் பழைய மேலும்.
ஒருபோதும் நடக்காத ஒரு நேரம்.
அதை நம்பித்தான் லேபிள் ஒட்டிற்று கணினி.

பக்கத்தின் தலையில் இன்னோர் எண் வைத்தேன்.
எழுதத் தொடங்குமுன் அதை ஒற்றைப்படையாக்கு.
முடித்தபின் இரட்டைப்படை.
ஒற்றையைக் கண்டால் நில்.
படித்து முடித்து மறுபடி பார்;
எண் மாறியிருந்தால் படித்ததை உதறு, திரும்பப் படி.
வரிசை கலையாமலிருக்க நடுவே இரண்டு வேலி.
மொத்தம் ஒன்பது வரி.
"இதுக்கா பதினோரு நாள்?" என்றான் இம்தியாஸ்.

கமாலுதீனிடம் சொன்னபோது சிரித்தார்.
மறுநாள் இருபத்தொன்பதை முப்பதாக்குகையில்
தோள்துண்டை எடுத்துப் பலகைமேல் போட்டு,
உள்ளே கையை விட்டு எழுதினார்.
கோணலாய் வந்தது. பரவாயில்லை.

மெமோவைத் திரும்பப் பெற ஒரு கமிட்டி கூடவேண்டுமாம்.
இன்னும் கூடவில்லை.

ஆரதி வராந்தாவில் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
முழங்கை மடிப்பில் ஊசிக் காயம்
பச்சை போய் மஞ்சளாகியிருந்தது.
என் வேலை என்னவென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
இரண்டு விரல் காட்டி, "தோ பார்... க்யோன்?" என்றாள்.

தமிழில் ஆரம்பித்தேன். பாதியில் இந்திக்குத் தாவினேன்.
'நேரம்' என்பதற்கு வங்காளத்தில் என்ன?
அவள் குறுக்கே பேசவில்லை,
கிளிப்பை வாயில் கடித்தபடி
நான் முடிக்கட்டும் என்று
பார்த்துக்கொண்டே நின்றாள்.