தலைக்கணக்கு

மணி அலறினால் லிஃப்ட் நின்றுவிடும்.
அதுதான் சட்டம்.
இருபத்தேழு பிள்ளைகள் தடதடவென்று படியிறங்க
நானும் கெமாரும் மட்டும்
இரண்டாம் மாடிப் படிக்கட்டு மூலையில்,
சக்கர நாற்காலி வரைந்த நீலப் பலகைக்குக் கீழே.
காத்திருக்கும் இடம் என்று அதற்குப் பெயர்.
நெருப்புக்கா, ஆளுக்கா, எழுதியிருக்கவில்லை.

ஸ்காபரோவின் இந்தப் பள்ளிக்கூடத்தில்
உதவியாளராக, கெமாரோடு, இரண்டாவது வருசம் எனக்கு.
ஒவ்வொரு பயிற்சி முடியவும் படிவத்தில் கையெழுத்து வைப்பேன்:
மாணவர் பாதுகாப்பாக இருந்தார்.

அந்த நவம்பரில் பனி தூறிக்கொண்டிருந்தது.
கண்ணாடிக்கு நெற்றியை முட்டுக்கொடுத்து
கீழே நின்ற வரிசைகளைப் பார்த்தான்.
"மிஸ், எங்கட டீச்சர் பச்சை அட்டை தூக்கிறா.
பச்சை எண்டால் எல்லாரும் வந்தாச்சு எண்டுதானே?"

எங்களையும் சேர்த்துத்தான் என்றேன்.
பொய் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கீச்சிடும்.
அவனுக்கு அது தெரியும்.

கீழே ஏதோ குழப்பம்.
இக்ரான் வரிசையை விட்டு வெளியே வந்து
எட்டி, அட்டையைத் திருப்புகிறாள்,
சிவப்புப் பக்கம்.
ஒரு விரல் எங்கள் ஜன்னலுக்கு.
பள்ளிக்கூடமே அண்ணாந்தது.
சிலர் கையுறையை ஆட்டினார்கள்.
கெமார் ஆட்டவில்லை.
"நான் என்ன மிருகக்காட்சிச் சாலையிலயே இருக்கிறன்?"

மத்தியானம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
நாங்கள் ஏன் மேலே படிக்கிறோம்?

நாலும் ஐந்தும் எப்போதும் மேலேதான் என்றார் அதிபர்.
அந்த எப்போதும் எப்போது தொடங்கியதென்று
அவருக்கும் தெரியவில்லை.
எட்டுப் பயிற்சி, எட்டுக் கையெழுத்து,
என் நாக்குக்கு ஒரு தரமாவது
அந்தக் கேள்வி வந்ததில்லை.
கூச்சமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஜனவரியில் மூன்றாம் வகுப்பு மேலே போக
நாங்கள் கீழே இறங்கினோம்.
மேசைகள், உலகப் படம், பெயர் ஒட்டிய கொக்கிகள்,
யாருடையதென்று தெரியாத ஒற்றைச் சப்பாத்து.
அகராதிகளை மடியில் அடுக்கி
லிஃப்டில் ஏழு தரம் போய்வந்தான் கெமார்,
எல்லோரையும் அதட்டிக்கொண்டு.

மார்ச்சில் மணி அலறியது.
மைனஸ் ஒன்பது, காற்று வேறு.
கோட்டு எடுக்க நேரமில்லை, அதுவும் சட்டம்.
உள்ளே நின்றே பழகியவள்,
வரிசையில் எங்கே நிற்பதென்று தடுமாறினேன்.
இக்ரானுக்குப் பக்கத்தில், சக்கரம் பனியில் புதைய,
பல் கிட்டக் கிட்டப் புலம்பினான்:
"எவன் கண்டுபிடிச்சான் இந்தப் பயிற்சியை,
விரல் விறைக்குது,
எப்ப உள்ள விடுவீங்கள்..."

டீச்சர் எண்ணிக்கொண்டே வந்தார்.
இருபத்தாறு. இருபத்தேழு.

"கெதியா எண்ணுங்கோ டீச்சர்!"